அண்ணலின் மின்துறை ஆண்டுகள்: ஆற்றல் யாருடைய உடைமை?

உலகின் மின் தேவை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்கிறது. குளிரூட்டிகளும் மின்வாகனங்களும் தரவு மையங்களும் புதிய தேவைகளை உருவாக்குகின்றன. மறுபுறம், கோடிக்கணக்கான மக்கள் இன்னும் மின் இணைப்பே இல்லாமல் வாழ்கின்றனர். நிலக்கரியிலிருந்து சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் மாறுவது எப்படி என்று அரசுகளும் நிறுவனங்களும் ஓயாமல் பேசுகின்றன. இந்தப் பேச்சில் தலித் இயக்கங்களின் குரல் குறைவாகவே ஒலிக்கிறது. வன்கொடுமை வழக்குகளும் இடஒதுக்கீட்டுப் போராட்டங்களும் நம் நேரத்தை விழுங்கிவிடுகின்றன என்பது உண்மையே. ஆயினும், ஆற்றல் என்பது பொறியாளர்களின் துறை, நமக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை என்ற எண்ணமும் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணம் பிழையானது. இந்நாட்டின் மின்கொள்கைக்கு அடித்தளம் இடப்பட்ட காலத்தில், அத்துறையின் பொறுப்பில் அமர்ந்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். சட்டக் கல்லூரியில் நான் பயின்ற ஐந்தாண்டுகளில் அவரை அரசமைப்புச் சட்டத்தின் சிற்பியாக நூறு முறை கேட்டிருக்கிறேன். மின்துறைப் பொறுப்பாளராக ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில், சுபேதார் ராம்ஜி சக்பாலின் பதினான்காம் குழந்தையாக அவர் பிறந்தார். சத்தாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவனுக்குக் குடிநீர்க் குழாயைத் தொடும் உரிமை இல்லை. பள்ளிப் பணியாள் வந்து திறந்துவிட்டால் தண்ணீர். அவர் வராத நாளில் தாகம். 1901 அளவில், தந்தையைக் காணக் கோரேகாவுக்குப் புறப்பட்ட பயணத்தில், மாட்டுவண்டியில் கழிந்த இரவு முழுவதும் அச்சிறுவர்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்க எவரும் முன்வரவில்லை. இந்நிகழ்வுகள் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுபவை. அதிகம் சொல்லப்படாத ஒன்று உண்டு. பம்பாயின் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையில் குடும்பமே வாழ்ந்தது. சமையலும் உறக்கமும் விறகும் விருந்தாளியும் அந்த ஓரறைக்குள்தான். மாணவன் முன்னிரவில் உறங்கிவிட வேண்டும். பின்னிரவு இரண்டு மணிக்குத் தந்தை எழுப்புவார். மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய வெளிச்சத்தில் விடியும்வரை படிப்பு. வெளிச்சமும் ஓர் அறையும் ஓய்வும் இல்லாத வீட்டில் கல்வி எவ்வளவு விலை கேட்கும் என்பதைப் பொருளாதாரம் படிப்பதற்கு முன்பே அவர் அறிந்திருந்தார்.

எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்று, பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றதும், இலண்டனில் பொருளாதாரமும் சட்டமும் பயின்றதும், இடையில் பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்டதும் வாசகர்கள் அறிந்த வரலாறு. 1918இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்தியாவின் சிறு நில உடைமைகளைப் பற்றியது அக்கட்டுரை. துண்டுதுண்டாகச் சிதறிய நிலங்களை ஒன்றுசேர்த்தால் வேளாண்மை செழிக்கும் என்று அன்றைய அறிஞர்கள் பலர் வாதிட்டனர். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. நிலத்தின் அளவு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. அந்நிலத்தின்மீது எவ்வளவு உழைப்பும் மூலதனமும் ஈடுபடுகின்றன என்ற விகிதமே தீர்மானிக்கிறது என்றார். நிலத்தின்மீது அளவுக்கு மிஞ்சிய மக்கள் சுமை ஏறிக் கிடக்கிறது; அந்த உழைப்புக்கு வேறு வேலை கிடைக்காதவரை நிலத்தை ஒட்டினாலும் வெட்டினாலும் பயனில்லை; தொழில்மயமாதலே வேளாண்மையின் நோய்க்கு மருந்து என்பது அவருடைய முடிவு.

கிராமத்தில் நிலம் யாரிடம் இருக்கிறது, நிலத்தில் உபரியாக நிற்பவர் யார் என்பதைத் தெரிந்தவர்களுக்கு இந்த வாதத்தின் உட்பொருள் உடனே புரியும். நிலமற்ற கூலியாகப் பிறந்தவர் சாதிக் கிராமத்தைவிட்டு வெளியேறக் கூடிய வாசல் ஆலைதான். ஆலை ஓட வேண்டுமெனில் ஆற்றல் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் மின்துறையில் செய்தவை அனைத்துக்கும் விதை இக்கட்டுரையில் கிடக்கிறது என்பது என் கணிப்பு.

ஆனால் மின்சாரம் வந்துவிட்டால் சாதி போய்விடும் என்ற எளிய நம்பிக்கை அவருக்கு இருந்ததில்லை. அதற்கான பாடத்தைப் பம்பாயே கற்றுக்கொடுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைநீரைத் தேக்கி, கொபோலியில் டாடா நிறுவனம் அமைத்த நீர்மின் நிலையம் 1915இல் இயங்கத் தொடங்கியது. பம்பாய்ப் பஞ்சாலைகளின் நிலக்கரிப் புகையைக் குறைத்த மின்சாரம் அது. இன்றைய சொல்லில் தூய ஆற்றல். அதே நிறுவனத்தின் முல்ஷி அணைக்காக நிலம் இழந்த மாவள விவசாயிகள் 1921 முதல் நடத்திய சத்தியாக்கிரகம், அணைக்கு எதிரான மிகப் பழைய போராட்டங்களுள் ஒன்று. அந்த மின்சாரத்தால் ஓடிய ஆலைகளுக்குள் நடந்தது என்ன? கூலி கூடுதலாகக் கிடைக்கும் நெசவுப் பிரிவுக்குள் தீண்டப்படாதோர் அனுமதிக்கப்படவில்லை. ஊடை நூல் அறுந்தால் அதை வாயால் உறிஞ்சி நாடாவுக்குள் இழுக்க வேண்டும். தலித்தின் வாய் பட்ட நூலைத் தொட மாட்டோம் என்று பிற சாதித் தொழிலாளர்கள் மறுத்தனர். நூற்புப் பிரிவிலும் குறைந்த கூலி வேலைகளிலும்தான் தலித்துகள் நிறுத்தப்பட்டனர். 1928 பொது வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன் கேள்வியாக வைத்தார். அவர் வற்புறுத்திய பிறகே கோரிக்கைப் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. தறியை ஓட்டும் ஆற்றல் மலையிலிருந்து தூய்மையாக வந்தது. தறியருகே நிற்கும் உரிமையைச் சாதியே வழங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1927 மார்ச் 20 அன்று, மகாடின் சவுதார் குளத்தில் இறங்கி நீரருந்தினார். குளம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு பத்தாண்டுகள் நடந்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தீண்டப்படாதோருக்குச் சாதகமாக முடிந்தது. பொது வளம் ஒன்றின்மீது வழக்கத்தின் பெயரால் ஒரு சாரார் தனியுரிமை கொண்டாட முடியாது என்பதே அவ்வழக்கின் சாரம். 1936இல் அவர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, மறு ஆண்டுத் தேர்தலில் பம்பாய் சட்டமன்றத்தில் வலுவாக நுழைந்தது. கோத்தி நிலமுறை ஒழிப்பு மசோதாவும், தொழில் தகராறு மசோதாவுக்கு எதிரான 1938 வேலைநிறுத்தமும் அக்காலத்தவை.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். துறையின் பெயர் தொழிலாளர் துறையே ஆயினும் சுரங்கம், நீர்ப்பாசனம், மின்சாரம், பொதுப்பணி ஆகியனவும் அதன் எல்லைக்குள் வந்தன. போர்க்காலம் அது. தொடர்வண்டியும் ஆயுத ஆலையும் கல்கத்தா மின்நிலையங்களும் நிலக்கரியையே உண்டு வாழ்ந்தன. நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அரசு முதலில் கை வைத்தது பெண்கள்மீது. நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்கள் வேலை செய்வதற்கு 1930களின் இறுதியில் முழுத் தடை வந்திருந்தது. 1943இல் அத்தடை தளர்த்தப்பட்டது. தளர்த்திய அரசின் துறைப் பொறுப்பாளர் அம்பேத்கர். மத்திய சட்டமன்றத்தில் கடும் கண்டனம் எழுந்தது. போர் அவசரத்துக்கான தற்காலிக ஏற்பாடு என்றும், ஆணுக்கு நிகரான கூலி பெண்ணுக்கு உறுதி செய்யப்பட்டுள்ளது என்றும் அவர் விளக்கம் அளித்தார். 1946 பிப்ரவரியில் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

அவருடைய பணிக்காலத்தின் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் கடந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. நான் கடக்க விரும்பவில்லை. சம கூலி என்ற நெறி அன்றைய இந்தியாவில் பெரிய முன்னகர்வு. எனினும் நிலக்கரியின் பசிக்குத் தலித், ஆதிவாசிப் பெண்களின் உடல்கள் இரையாயின என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரி வயலுக்குச் சென்ற அம்பேத்கர், மேற்பரப்பில் நின்று அறிக்கை வாங்கித் திரும்பவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கி, நிலக்கரி வெட்டும் இடத்தையே பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் சென்றார். 1944 ஜனவரி 31 அன்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டம் வந்தது. சுரங்கத்திலிருந்து அனுப்பப்படும் நிலக்கரிமீது தீர்வை விதித்து, அத்தொகையைத் தொழிலாளரின் வீடு, குடிநீர், மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்குச் செலவிடுவது அச்சட்டத்தின் வழிமுறை. சட்டம் படிப்போர் இதன் கட்டமைப்பைக் கவனிக்க வேண்டும். முதலாளியின் கருணையையோ அரசின் வரவுசெலவுத் திட்டத்தையோ நம்பி நலத்திட்டம் நிற்கவில்லை. ஆற்றல் விற்கப்படும் ஒவ்வொரு தடவையும் அதைத் தோண்டியவரின் பங்கு சட்டப்படி ஒதுங்கிவிடுகிறது. சூரிய மின்பூங்காவில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் இதுபோன்ற தீர்வை ஏன் இல்லை என்ற கேள்வியை நம் மாணவர்கள் கேட்கலாம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக்காக அமைக்கப்பட்ட குழுக்களுள் பொதுப்பணியும் மின்சாரமும் பற்றிய கொள்கைக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். 1943 அக்டோபர் 25 அன்று அக்குழுவின் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை, இந்திய மின்கொள்கையின் தொடக்க ஆவணங்களுள் ஒன்று. அன்றைய நிலைமை எப்படி இருந்தது என்பதைக் கணக்கிட, நான்காண்டுகள் கழித்து 1947இல் இருந்த அளவைப் பார்த்தால் போதும்: நாடு முழுவதன் நிறுவுதிறன் 1,362 மெகாவாட், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 16 யூனிட். இன்று ஓர் ஆளுக்கு 1,300 யூனிட்டைத் தாண்டிவிட்டது. அன்று இருந்த அந்தச் சிறு அளவும் பெரும்பாலும் நகரங்களில், தனியார் நிறுவனங்களின் உரிமப் பகுதிகளுக்குள் முடங்கியிருந்தது.

அவ்வுரையின் வாதம் 1918 கட்டுரையிலிருந்து நேராக வருகிறது. வேளாண்மையையே நம்பியிருப்பதால் நாடு வறுமையில் உழல்கிறது. வறுமை நீங்கத் தொழில்மயமாதல் வேண்டும். தொழில்மயமாக மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் மலிவாகவும் இருக்க வேண்டும், தாராளமாகவும் இருக்க வேண்டும். இலாபத்தைக் குறிக்கோளாகக் கொண்ட தனியாரிடம் விட்டால் இவ்விரண்டும் கிட்டுமா என்பதே அவர் குழுவின் முன் வைத்த முதன்மையான கேள்வி. மின்சாரம் மத்திய அரசின் பொறுப்பா, மாகாணங்களின் பொறுப்பா என்பது அடுத்த கேள்வி. 1935ஆம் ஆண்டுச் சட்டம் மின்சாரத்தைப் பொதுப்பட்டியலில் வைத்திருந்தது. ஆனால் நாடு தழுவிய திட்டம் எவரிடமும் இல்லை. எங்கெங்கே நிலக்கரி, எங்கே எண்ணெய், எங்கே ஓடும் நீர் என்று வட்டாரவாரியாக ஆற்றல் மூலங்களைக் கணக்கிட வேண்டும் என்றும், அதற்கான வல்லுநர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். 1944இல் மத்திய மின்தொழில்நுட்ப வாரியமும், 1945 ஏப்ரலில் மத்திய நீர்வழி, பாசன, நாவாய் ஆணையமும் உருவாயின. இன்றைய மத்திய மின்சார ஆணையமும் மத்திய நீர் ஆணையமும் தம் முன்னோரைத் தேடினால் இவ்விரு அமைப்புகளிடமே வந்து நிற்கும்.

1943 ஜூலையில் தாமோதர் ஆறு வர்த்தமான் மாவட்டத்தில் கரையை உடைத்தது. கல்கத்தாவை வட இந்தியாவுடன் இணைத்த தொடர்வண்டிப் பாதையும் பெருஞ்சாலையும் அறுபட்டன. வங்கப் பஞ்சம் இலட்சக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்த ஆண்டு அது. பர்மா எல்லையில் போர் நடக்கையில் கல்கத்தா துண்டிக்கப்பட்டதுதான் ஆங்கில அரசை அசைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தில் மிதந்த குடிசைகள் மட்டும் என்றால் கோப்பு நகர்ந்திருக்காது. வங்க அரசு அமைத்த விசாரணைக் குழுவில் இயற்பியலாளர் மேகநாத் சாகா இடம்பெற்றார். கிழக்கு வங்கத்தில் ஓர் ஏழைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்து, சாதியின் பொருட்டுக் கல்கத்தா மாணவர் விடுதியில் தனியே அமர்ந்து உண்ண வைக்கப்பட்டவர் அவர். அமெரிக்காவில் 1933இல் தொடங்கப்பட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைப் போன்று தாமோதருக்கும் ஓர் ஆணையம் வேண்டும் என்று சாகா தொடர்ந்து எழுதிவந்தார். குளத்தில் நீரருந்த அனுமதிக்கப்படாத ஒருவரும், பொதுப் பந்தியில் உண்ண அனுமதிக்கப்படாத ஒருவரும் ஒரே ஆற்றைப் பற்றி ஒரே திசையில் சிந்தித்தனர். இருவரும் மறைந்ததும் அதே 1956இல்.

டென்னசி ஆணையத்தின் பொறியாளர் வூர்டுயின் இந்தியாவுக்கு வரவழைக்கப்பட்டார். 1945 ஜனவரி 3 அன்று கல்கத்தாவில் அம்பேத்கர் தலைமையில் வங்கம், பீகார், மத்திய அரசு ஆகிய மூன்றன் பிரதிநிதிகளும் கூடினர். சிக்கல் எளிதானதன்று. அணை எழும்புவதும் நிலம் மூழ்குவதும் பீகாரில். வெள்ளத்திலிருந்து தப்புவது வங்கம். ஒருவர் இழப்பில் மற்றவர் ஆதாயம். வெள்ளத் தடுப்பு என்று மட்டும் பேசினால் பீகார் ஒப்புக்கொள்ள என்ன காரணம் இருக்கிறது? அம்பேத்கர் திட்டத்தை விரித்தார்: வெள்ளத் தடுப்புடன் பாசனம், மின்சாரம், நீர்வழிப் போக்குவரத்து அனைத்தும் ஒரே திட்டத்துக்குள், ஆற்றின் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே அலகு, மாகாண எல்லை ஆற்றைத் துண்டாடக் கூடாது. அவ்வாண்டு ஆகஸ்டில் வூர்டுயினின் முதற்கட்டத் திட்டம் எட்டு அணைகளை முன்மொழிந்தது. நீர்மின்சாரம் பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும். வறண்ட மாதங்களில் அதைத் தாங்கிப்பிடிக்க அனல் மின்நிலையம் துணை நிற்கும். இயற்கையின் ஏற்ற இறக்கத்தை எதைக் கொண்டு ஈடுசெய்வது என்று சூரிய மின்சாரத்தைப் பற்றி இன்று நடக்கும் விவாதம் புதியதல்ல.

அதே ஆண்டு நவம்பர் 8 அன்று கட்டாக்கில் ஒரிசாவின் ஆறுகளைப் பற்றிய மாநாட்டுக்கும் அவரே தலைமை ஏற்றார். வெள்ளமும் வறட்சியும் மலேரியாவும் மாறிமாறித் தாக்கிய நிலம் அது. மிகுதியான நீர் ஆபத்து, ஆகவே அதைக் கடலுக்கு விரட்ட வேண்டும் என்பதே அதுவரை பொறியாளர்களின் மனநிலையாக இருந்தது. நீரின் மிகுதியால் மனிதர் துன்புறுவதைவிட அதன் குறைவால் துன்புறுவதே அதிகம் என்பது அம்பேத்கரின் பார்வை. தேக்கிவைத்தால் அதே நீர் செல்வம். 1946 மார்ச்சில் மகாநதியின் குறுக்கே ஹிராகுட் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அக்காலத்திலேயே, 1945இல் வெளியான, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்பதைப் பற்றிய நூலில், எந்திரத்தைப் பற்றிய அவருடைய சிந்தனை தெளிவாக வெளிப்படுகிறது. இராட்டையையும் கிராமத்தையும் முன்னிறுத்திய காந்தியத்தை அவர் கடுமையாக மறுத்தார். எந்திரம் தீமை செய்கிறது என்றால் பிழை எந்திரத்தில் இல்லை. அதன் பலனைச் சிலருடைய தனியுடைமையாக்கிய சமூக அமைப்பில் இருக்கிறது. மனிதனுக்கும் விலங்குக்கும் உள்ள வேறுபாடு பண்பாடு. பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும். உடலுழைப்பின் சுமையை எந்திரம் ஏற்காவிட்டால் பெரும்பான்மை மக்களுக்கு ஓய்வு என்பதே கிடையாது. இராட்டையை ஒழுக்கத்தின் அடையாளமாகக் காண்போருக்கு வேறு யாரோ தண்ணீர் சுமந்தார்கள், வேறு யாரோ மலம் அள்ளினார்கள். பரேலின் ஓரறையில் பின்னிரவு இரண்டு மணிக்கு எழுந்தவருக்கு, ஆற்றல் என்பது உற்பத்திப் பெருக்கத்தைக் குறிக்கும் எண் மட்டுமன்று. அது படிக்கக் கிடைக்கும் நேரம். குறைவாக நுகருங்கள், எளிமையாக வாழுங்கள் என்று காலநிலை பற்றிப் பேசும் சில நல்லெண்ணம் கொண்டோர் சேரிக்கும் சேர்த்துப் போதிக்கும்போது எனக்கு இந்த நூல்தான் நினைவுக்கு வருகிறது.

1946 நடுவில் நிர்வாகக் குழு கலைந்தது. அவருடைய பொறுப்பும் முடிந்தது. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகச் சட்டமும் மின்சார வழங்கல் சட்டமும் 1948இல் நிறைவேறியபோது, அத்துறையின் அமைச்சராக அவற்றை அவைக்குக் கொண்டுவந்தவர் காட்கில். பெயர் அவருடையதாயிற்று. மின்சார வழங்கல் சட்டத்தின் வழியே மாநில மின்வாரியங்கள் பிறந்தன. பின்னாளில் இடஒதுக்கீட்டின் மூலம் முதல் தலைமுறைத் தலித் பொறியாளர்களும் உதவியாளர்களும் கம்பியாளர்களும் அரசு ஊதியம் பெற்ற இடங்களுள் இவ்வாரியங்கள் முக்கியமானவை.

1947 மார்ச்சில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசமைப்பு அவைக்கு அவர் அளித்த மாநிலங்களும் சிறுபான்மையினரும் என்ற அறிக்கை, மின்கொள்கையில் அவர் கேட்ட கேள்விக்கு முழு விடையையும் தருகிறது. முதன்மைத் தொழில்கள் அரசின் உடைமை. நிலமும் அரசின் உடைமை. சாதி வேறுபாடின்றிக் கிராமத்தவர் கூட்டாகப் பயிரிடுவர். நிலக்கிழாரும் இல்லை, குத்தகையாளரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை. இந்த ஏற்பாட்டை அடுத்து வரும் பெரும்பான்மை கலைத்துவிடாதபடி அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைக்க வேண்டும் என்றார். அவரே வரைவுக் குழுவுக்குத் தலைவரான பின்னும் அது நடக்கவில்லை. நடந்தவை வேறு: மாநிலங்களுக்கு இடையிலான ஆறுகள் ஒன்றியப் பட்டியலின் 56ஆம் இனமாயின, மின்சாரம் பொதுப்பட்டியலின் 38ஆம் இனமாயிற்று, ஆற்றுநீர்த் தகராறுகளுக்கு 262ஆம் பிரிவு வந்தது. ஆற்றலின் நிர்வாகம் எழுதப்பட்டது; அதன் உடைமை எழுதப்படாமல் விடப்பட்டது.

1951இல் அமைச்சரவையிலிருந்து விலகியபோது அவர் வெளியிட்ட அறிக்கையில், இந்து சட்டத் தொகுப்பு கைவிடப்பட்டதைப் பற்றிய பகுதியையே அனைவரும் நினைவுகூர்கின்றனர். திட்டத்துறை தமக்குத் தரப்படும் என்று சொல்லப்பட்டு, பின்னர் தரப்படவே இல்லை என்ற வருத்தமும் அவ்வறிக்கையில் இடம்பெற்றுள்ளது. ஆற்றல், நீர், உழைப்பு மூன்றையும் ஒன்றாகக் கையாண்ட அனுபவம் உள்ளவரை நாடு சட்டத்துறைக்குள் மட்டும் நிறுத்திவைத்தது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார். ஐந்து வாரங்கள் கழித்து, 1957 ஜனவரி 13 அன்று, ஹிராகுட் அணை திறந்துவைக்கப்பட்டது.

அந்த அணைக்காக 285 கிராமங்கள் பாதிக்கப்பட்டன. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். தாமோதரில் எட்டு அணைகளுக்குப் பதிலாகத் திலையா, கோனார், மைத்தான், பாஞ்சேத் என நான்கையே கழகம் கட்டியது. அங்கும் பெருமளவில் வெளியேற்றப்பட்டோர் சந்தால் ஆதிவாசிகள். பாஞ்சேத் அணை 1959இல் திறக்கப்பட்ட நாள் டிசம்பர் 6. அண்ணல் மறைந்து சரியாக மூன்றாண்டுகள். பிரதமர் நேரு அணை வேலையில் இருந்த பதினைந்து வயது சந்தால் பெண்ணையே விசையை அழுத்தச் செய்தார். விழாவில் அவருக்கு மாலை அணிவித்த குற்றத்துக்காக, பிரதமரையே மணந்துவிட்டதாகச் சொல்லி அவருடைய சமூகத்தார் அப்பெண்ணை ஊரைவிட்டு விலக்கினர். 1962இல் கழகம் அவரை வேலையிலிருந்தும் நீக்கியது. மீண்டும் வேலை கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நீர்மின்சாரத்துக்காகத் தொடங்கிய அக்கழகம் இன்று ஆறாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரியில் எடுக்கிறது. நீரில் எடுப்பது 150 மெகாவாட்டுக்கும் குறைவு.

இடம்பெயர்ந்தோரின் கணக்கை அம்பேத்கரிடம் கேட்பது நியாயமா? திட்டங்களை வடிவமைத்த ஆண்டுகளில் அது அவருடைய சிந்தனையின் மையத்தில் இருக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். அரசு உடைமை என்பது இழந்தவருக்கும் உரிமை தரும் என்று அவர் நம்பியிருக்கக் கூடும். 1947 அறிக்கையின் நில ஏற்பாடு நிறைவேறியிருந்தால் நிலமற்றவர் என்ற பிரிவே இராது. நிறைவேறவில்லை. நடைமுறையில் இருந்ததோ 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம். நிலத்தில் உரிமை உடையவருக்கே அது இழப்பீடு தந்தது. உழுதவர், மேய்த்தவர், களத்தில் கூலி வாங்கியவர் அச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. 119 ஆண்டுகள் கழித்து, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(சி) பிரிவுதான், மூன்றாண்டுகள் அந்நிலத்தில் உழைத்துப் பிழைத்த நிலமற்ற வேளாண் தொழிலாளரின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்றது.

அந்தப் பிரிவைச் சுற்றிச்செல்லும் வழியைத் தூய ஆற்றல் கண்டுபிடித்துவிட்டது. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில், வறட்சி மிகுந்த பாவகடா வட்டத்தில், ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா இயங்குகிறது. நிலம் கையகப்படுத்தப்படவில்லை, குத்தகைக்கு எடுக்கப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டாண்டுக்கு ஒருமுறை உயர்வுடன். நிலம் உடையவருக்கு இது நல்ல ஏற்பாடே, மறுக்கவில்லை. ஆனால் கையகப்படுத்தல் இல்லை என்பதால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே நுழையாது. அந்நிலங்களில் கூலி வேலை செய்த, ஆடுமாடு மேய்த்த நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வேலையும் போயிற்று, மேய்ச்சலும் போயிற்று. கிடைத்தவை புல் வெட்டுதல், தகடு துடைத்தல், காவல் காத்தல் போன்ற ஒப்பந்த வேலைகள், அவையும் சிலருக்கே. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவந்த 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் மின்உற்பத்திக்கு உரிமம் தேவையில்லை என்றாக்கியது. தனியார் உற்பத்தியாளருக்கு இடஒதுக்கீட்டுக் கடமையும் இல்லை.

நாட்டின் நிறுவுதிறனில் பாதி இன்று நிலக்கரி அல்லாத வழிகளில் வந்துவிட்டது. உற்பத்தியில் முக்கால் பங்கு இன்னும் நிலக்கரிதான். 2030க்குள் 500 கிகாவாட் என்ற இலக்குக்காக இன்னும் பல்லாயிரம் ஏக்கர் குத்தகைக்குப் போகும். அக்குத்தகைப் பத்திரங்களில் இப்போது இரண்டு தரப்பினர் மட்டுமே கையொப்பமிடுகின்றனர். மாநில அரசுகள் சூரிய மின்கொள்கைகளைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் கருத்துக் கேட்பு நடக்கிறது. குத்தகை நிலத்தில் உழைத்த குடும்பங்களைக் கணக்கெடுக்க வேண்டும், யூனிட்டுக்கு இவ்வளவு என்று நலநிதித் தீர்வை வேண்டும், நிரந்தர வேலைகளில் இடஒதுக்கீடு வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாகக் கேட்க வழக்குரைஞர் பட்டம் தேவையில்லை. 1944 ஜனவரி 31இன் அவசரச் சட்டத்தை மனுவின் முதல் பத்தியிலேயே குறிப்பிடலாம்.